தெர்மாகோல் கோயில்

சிதம்பரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். நடராஜர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் வேலைக்குப் போவேன். இந்த இரண்டும் எனக்குள் ஒருநாளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. கோயிலில் நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை, வகுப்பில் யாரையும் கும்பிடச் சொல்வதுமில்லை.

போன வருடம் கடலூரில் ஒரு தனியார் பள்ளி, அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டது. மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். இன்னொரு நடுவர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், பள்ளித் தாளாளரின் நண்பர்.

அரங்கத்தில் பாதிக் கூட்டம் ஒரே மேசையைச் சுற்றி நின்றது. தெர்மாகோலில் செய்த கோயில். கோபுரங்களுக்குத் தங்கக் காகிதம், சுற்றிலும் சீரியல் பல்பு. மேலே 'உலகின் காந்த மையம் சிதம்பரம்' என்று ஃபிளெக்ஸ். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மையப்புள்ளியே நடராஜர் கோயில்தான் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் ஒரு காந்த ஊசிப் பெட்டியைக் கருவறைப் பக்கமாக மெல்ல நகர்த்தினான். ஊசி வெடுக்கென்று திரும்பி, தடுமாறி, ஒரு சுற்று சுற்றியது. பெற்றோர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் அந்தக் கோயிலை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். அடியில், பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம் ஒன்று பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"இது எதுக்குப்பா?" என்றேன்.

"காந்தம் இல்லாம ஊசி சுத்தாது மிஸ். அதனாலதான் வெச்சோம்." அவன் குரலில் கள்ளம் துளியும் இல்லை.

"அப்ப கோயில்ல?"

"கோயில்ல தானா சுத்தும் மிஸ்."

"நீ பாத்தியா?"

"இல்ல மிஸ். சார் சொன்னாரு."

அந்தப் பையனுக்கு உண்மை தெரிந்தேயிருந்தது. தெரிந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த யாரோ அவனுடைய இயற்பியல் ஆசிரியர்தான். பட்டுச் சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தார். பூமியின் காந்த நடுக்கோடு என்பது உலகத்தைச் சுற்றி ஓடுகிற கோடு, அதற்கு மையப்புள்ளி ஏது என்று கேட்டேன். அது சிதம்பரம் வழியாகப் போகவில்லை, தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போகிறது, அங்கேகூட ஊசி இப்படிச் சுற்றாது என்றும் சொன்னேன்.

"தெரியும் மேடம். நானும் பிஸிக்ஸ்தானே படிச்சேன்," என்றார். "பசங்களுக்கு நம்ம பெருமைய சொல்லணுமில்ல? யூடியூப்ல எல்லாம் வந்துடுச்சு. இதுல இன்னா தப்பு?"

தெரியாமல் சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்த்தி விளக்கியிருப்பேன். தெரிந்துகொண்டே பசை போட்டு ஒட்டியவரிடம் என்ன பேசுவது? அவர் கெடுத்தது பாடத்தை மட்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ பேர் அழுதுகொண்டு போய் நிற்கிற சன்னதி அது. அதற்கு ஸ்பீக்கர் காந்தத்தை முட்டுக்கொடுத்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறவருக்கு, இயற்பியலும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை.

கடைசி மேசையில் ஒரு பெண் தனியாக நின்றாள். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து தள்ளித் தள்ளி நாலைந்து வீட்டு போர்வெல் தண்ணீரை எடுத்து, காய்ச்சி, தட்டுகளில் மிஞ்சிய உப்பை அப்படியே வைத்திருந்தாள். கடலை நெருங்க நெருங்க உப்பு கூடியது. ஒரு தட்டில் மட்டும் கணக்கு மாறியிருந்தது. "அது ஏன்னு எனக்குத் தெரியல மிஸ், மறுபடி எடுத்துப் பாக்கணும்," என்றாள். அந்த அரங்கத்தில் 'தெரியல' என்ற சொல்லை அவள் ஒருத்தியிடம்தான் கேட்டேன்.

முதல் பரிசு அவளுக்கு என்றேன். இன்ஜினியர் தட்டுகளை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாக்க ஒண்ணும் இல்லியே மேடம். கோயிலுக்குக் குடுத்துடுவோம். எதுக்கு வம்பு? பேரன்ட்ஸ் எல்லாம் வீடியோ எடுத்துட்டாங்க."

"அடியில காந்தம் ஒட்டியிருக்கு சார்."

"அட, அது டெமோதானே! நீங்க ரொம்ப ஜாஸ்தியா யோசிக்கிறீங்க."

தாளாளரிடமும் சொல்லிப் பார்த்தேன். "சாமி விஷயம் மேடம்," என்று கையைக் கூப்பினார். அந்தக் கூப்பின கைக்கு மேல் பேச அங்கே எவருக்கும் வாயில்லை. பரிசு முடிவில் என் பெயர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மேடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். தெர்மாகோல் கோயிலுக்குக் கேடயம். உப்புத் தட்டுப் பெண்ணுக்கு ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். நான் எழுந்து போய் அவளிடம், "அந்த ஒரு தட்ட விடாதே, திரும்ப எடுத்துப் பாரு," என்றேன். தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் பள்ளி ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவிலேயே மூன்று பேர் போட்டார்கள், கும்பிடும் கை படத்தோடு. காந்தம் ஒட்டியிருந்ததை எழுதினேன். அடுத்து யாரோ காலை வணக்கம் அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்து சிதம்பரம் கீழ வீதியில் அந்தக் கடலூர் ஆசிரியரைப் பார்த்தேன். குடும்பத்தோடு சாமி கும்பிட வந்திருந்தார். எந்த வருத்தமும் இல்லாமல் வந்து நலம் விசாரித்தார். பிறகு மனைவியிடம், "சொல்வேன்ல, கடவுள் நம்பிக்கை இல்லாத மேடம், இவுங்கதான்," என்று அறிமுகம் செய்தார்.

நான் அப்போதுதான் கோயிலிலிருந்து வெளியே வந்திருந்தேன். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பிடியா? பாத்தா தெரியலியே," என்றார்.

தட்டிலிருந்த வாழைப்பழத்தை அவர்கள் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.