மிஞ்சிய மூன்று கிணறுகள்

போன கிழமை சுன்னாகம் சந்தையில் ஒரு சின்ன வெங்காயச் சாக்கை என் காலடியில் இறக்கினார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் செல்வராசண்ணை நினைவுக்கு வந்துவிட்டார். அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரர். நான் முதன்முதலில் வேலை பார்த்த சின்னக் கணினி அலுவலகத்துக்காகக் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீரின் உப்பை அளந்து வருவார். அவர் வந்தால் அறை முழுக்க வெங்காயம் மணக்கும்.

அவரிடம் இருந்த மீட்டர் உப்பைக் குறைத்துக் காட்டும். எல்லா அளவுகளையும் ஒரே எண்ணால் பெருக்கினால்தான் உண்மை வரும். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற கணக்கு. ஆனால் நான் அப்போதுதான் சிம்ட் கட்டளைகளைப் படித்திருந்தேன். ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எட்டு எண்களை ஒரே வீச்சில் பெருக்கிவிடும். விடுவேனா?

"எட்டெட்டாப் பெருக்கும் அண்ணை, கண்மூடித் திறக்கிறதுக்குள்ளை முடிஞ்சிடும்."

"நாப்பத்திமூண்டு கிணத்துக்கு என்னத்துக்குப் பிள்ளை உந்த அவதி?" என்று சிரித்தார்.

பட்டியலை அவரே எழுதினார். தன் வீட்டாரின் மூன்று கிணறுகளையும் கடைசியில் போட்டார். "எங்கடையை முன்னுக்குப் போட்டால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்."

ஐயெட்டு நாற்பது. மிச்சம் மூன்றுக்குத் தனியாகச் சில நிரல் வரிகள் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. சோதித்ததெல்லாம் பதினாறு, முப்பத்திரண்டு எண்களை வைத்துத்தான். எல்லாம் சரியாக வந்ததில் எனக்கு ஒரே பெருமை.

அடுத்த போகம் அவர் வந்தபோது வெங்காய மணம் இல்லை. வெங்காயத் தாளின் நுனி கருகி, பயிர் பாத்தி பாத்தியாகப் படுத்துவிட்டதாம். "நாக்குக்கு உவர் தெரிஞ்சது பிள்ளை. கம்பியூட்டர் நல்ல தண்ணியெண்டு சொன்னதாலை இறைச்சன்."

அறிக்கையைத் திறந்தேன். கடைசி மூன்று எண்களும் பெருக்கப்படாமல், மீட்டரில் இருந்தபடியே நின்றன. அறிக்கையை அப்படியே மூடினேன்.

"நான்தான் பிழையா அளந்திட்டன் போலை. இனி வேறை ஆளைப் பாருங்கோ" என்றார்.

"பரவாயில்லை அண்ணை" என்றேன். பிழை செய்தவள் நான், மன்னித்ததும் நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சந்தையில் விசாரித்தேன். காணியை விற்றுவிட்டு மகளிடம் கனடா போனவர், அங்கேயே காலமாகிவிட்டாராம். கிணற்றைத் தூர்த்து வீடு கட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் மிச்ச எண்களை, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கொம்பைலரே பார்த்துக்கொள்கிறது. நான் மட்டும் எந்த நிரலையும் நாற்பத்துமூன்று எண்களை வைத்துத்தான் சோதிக்கிறேன். கடைசி மூன்றும் சரியாகத்தான் வருகின்றன. சொல்வதற்குத்தான் அண்ணை இல்லை.