சர்க்கார் கொட்டு

தென்காசி உச்சிமாகாளி நையாண்டி மேளத்தில் தவில்காரன். குற்றாலச் சாரலில் தவில் தோல் நனைந்து தொய்ந்து போகிறது, ஆடுவதற்கும் கொட்டுவதற்கும் ஒரு கொட்டகை போட்டுத் தாருங்கள் என்று மூன்று வருஷம் சர்க்காருக்கு மனுப் போட்டான். கூத்துக்காரனுக்கு அழ அவர்களிடம் பணம் இல்லையாம்.

யுத்தம் வந்ததும் அதே சர்க்கார் அவனுக்குப் புதுத் தவிலும் மாதச் சம்பளமும் கொடுத்தது. சுரண்டை, வாசுதேவநல்லூர் என்று ஊர் ஊராகக் கொட்டி அவன் கூட்டம் சேர்த்தான். கூடிய இளவட்டங்களைப் பட்டாளத்துக்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு பர்மாவிலிருந்து சாவுத் தந்திகள் வந்தன.

அந்த வருஷம் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் அவன் தவிலில் கை வைத்ததுமே தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. தெருக்கோடியில் அவன் பெண்டாட்டி சங்கரம்மாளும் வளர்ந்த மகனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தாள்.

"உள்ள வாலே! ஒங்கய்யா கொட்டுதாரு."