ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு நலம் விசாரிப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்குத் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன். நடைமேடைக் கூரையிலிருந்து ஐப்பசி மழை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. என் வீடு இருக்கும் திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயில் நாற்பது நிமிடம் தாமதம். ஊர் பார்க்க நான் வரவில்லை. மஸ்கட்டில் என்னோடு ஒரே மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கும் எஸ்தருக்காக, அவளுடைய அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன்.

எஸ்தரும் நானும் ஒன்பது வருடமாக ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். அவள் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் விடுமுறைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "வீடியோவுல அம்மா முகம் மட்டுந்தான் தெரியுது. எந்திரிச்சு நடந்து நான் பாத்து மாசக்கணக்காச்சு. கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லுதா. தம்பியும் அதையே சொல்லுதான். நீ ஒருநாள் போய் நேர்ல பாத்துட்டு உள்ளதைச் சொல்லு, செல்வி."

ஆட்டோவில் பாளையங்கோட்டை பேருந்து நிலையத்துக்கு நூற்றிருபது ரூபாய். பாலத்தின் கீழே தாமிரபரணி செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது.

"ஆசுபத்திரிக்கு வந்தியளாக்கா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இல்லை, ஸ்ரீவைகுண்டம் போகணும்."

"காலைல இங்கன இறங்குதவங்கள்ல பாதிப்பேரு ஆசுபத்திரிக்குத்தான் வாராங்க. கையில தலையணையும் பிளாஸ்க்கும் இருந்தா நான் கேக்கவே மாட்டேன். வண்டி தன்னால அந்தப் பக்கம் திரும்பிரும்."

பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வாழைத்தோட்டங்கள். முந்தைய நாள் காற்றில் பாதி மரங்கள் குலையோடு சாய்ந்து கிடந்தன. பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண் அவற்றைப் பார்த்துவிட்டு முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு இறங்கியபோது எஸ்தரின் தம்பி ஜெபராஜ் குடையோடு நின்றிருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறார். வீட்டு வாசல் தெரிந்ததும் நின்றுவிட்டார்.

"அக்கா, உள்ள போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிருதேன். அம்மாவுக்கு இடது கால் இல்ல. சர்க்கரைப் புண்ணு. முட்டுக்குக் கீழ எடுத்தாச்சு."

"எப்போ?"

"சித்திரையில. எஸ்தர் அக்காட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்க எல்லாரையும் பைபிள் மேல கை வைக்கச் சொல்லிட்டா."

மழை குடையில் விழுந்துகொண்டே இருந்தது. ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தில் எத்தனை மாலைகள் எஸ்தர் கட்டிலில் சம்மணமிட்டு அம்மாவோடு சிரித்துப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். நீரிழிவுக்காரர்களின் கால்புண் பிரிவில்தான் அவளுக்கு வேலை.

ரத்தினபாய் டீச்சர் முன்னறைக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பத்து நான்கு வருடம் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. இடுப்புக்குக் கீழே போர்வை. "வாம்மா. குளிச்சிட்டுச் சாப்பிடு. அப்புறமாப் பேசுவோம்" என்றார், வகுப்பில் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் குரலில்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நலம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இங்கே நோயாளி இருக்கும் வீட்டில் கதவு சாத்தப்படுவதில்லை. ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்கிறார்கள், கையைத் தடவிக் கொடுக்கிறார்கள், தங்களுக்குத் தெரிந்த ஒரு மருந்தைச் சொல்கிறார்கள். ஜெபம் பண்ணுகிறவர்கள் ஜெபம் பண்ணுகிறார்கள். இதே தெருவில் இருக்கும் சைவ வீட்டுப் பெண்கள் கைகூப்பிவிட்டுப் போகிறார்கள். மஸ்கட்டில் எங்கள் வார்டில் பார்வையாளர் நேரம் இரண்டு மணி நேரம். நோயின் விவரம் நோயாளிக்கும் மருத்துவருக்கும் மட்டும் உரியது. இங்கே நோய் தெருவுக்குச் சொந்தம். காய்கறிக்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். பெற்ற மகளுக்கு மட்டும் தெரியாது.

பத்தரை மணிக்கு எதிர்வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி உடன்குடிக் கருப்பட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். வாழைக்காய் வியாபாரி. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி தோஷமில்லை என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். ஆகாது என்று நான் சொன்னேன். அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் நல்லதுன்னு செய்யுததெல்லாம் இப்படித்தான் முடியுது, தாயி" என்றார்.

நடந்ததை அவர்தான் சொன்னார். சித்திரை முதல் வாரம் டீச்சரின் வேதக்கோயிலில் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. டீச்சர் வெறுங்காலோடு வெயிலில் நின்று பரிமாறியிருக்கிறார். சூடு காலில் உறைக்கவில்லை. சாயங்காலம்தான் இடது உள்ளங்காலில் கொப்புளம் தெரிந்தது. பக்கத்து ஊரில் புண்ணுக்கு எண்ணெய் கொடுக்கும் ஒருவரிடம் அண்ணாச்சி கூட்டிக்கொண்டு போனார். அந்த எண்ணெயைப் போட்டதில் பதினேழு நாள் போய்விட்டது.

"எஸ்தர்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன்.

இதற்குக் கட்டிலிலிருந்து டீச்சர் பதில் சொன்னார். "செருப்புப் போடும்மா, செருப்புப் போடும்மான்னு நூறு தடவை சொல்லியிருக்கா. எந்த முகத்தை வச்சிக்கிட்டு அவள்ட்ட சொல்ல? அதோட, ஊரான் புண்ணையெல்லாம் கழுவுதேன், பெத்தவ புண்ணுக்கு இல்லாமப் போயிட்டேனேன்னு ஆயுசுக்கும் அறுத்துக்கிட்டு கெடப்பா. வேண்டாம்."

வந்தவர்கள் போனதும், "வலது காலைப் பார்க்கட்டுமா, டீச்சர்?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதை அவரே கழுவிக்கொள்வதாகவும் யாரையும் தொட விடுவதில்லை என்றும் ஜெபராஜ் சொன்னார். நான் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அங்கிருந்த வெளிநாட்டுச் செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தேன். வலது செருப்பு தேய்ந்திருந்தது. இடது செருப்பு மெல்லிய தாளுக்குள் புதிதாக இருந்தது. டீச்சர் என் கையைப் பார்த்தார். பிறகு தானே போர்வையை விலக்கினார்.

சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே தோல் கறுத்திருந்தது. நாற்றம் தொடங்கியிருந்தது. அழுத்தினேன், அவருக்கு வலிக்கவில்லை.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இதையும் குடுக்க மாட்டேன். இதோடயே என்னை மண்ணுல வைக்கட்டும்."

அரை மணி நேரம் கெஞ்சினோம். ஜெபராஜ் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்தார். கடைசியில் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எஸ்தருக்குச் சொல்ல மாட்டேன்னு சொல்லு. வாரேன்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அண்ணாச்சியின் காரில் புறப்பட்டோம். அணைக்கட்டில் வெள்ளம் நுரைத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "பைய போங்க, அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

பாளையங்கோட்டையில் நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் மூன்று மணிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தாழ்வாரம் நெடுகப் பாய்கள், சாப்பாட்டுத் தூக்குகள், காய வைத்த துண்டுகள். ஒரு நோயாளிக்குக் குறைந்தது மூன்று பேர் காவல். மருத்துவர் டீச்சரைப் பரிசோதித்தார். ஆனால் பேசியது ஜெபராஜிடம். இரண்டு விரல்களை நாளையே எடுக்க வேண்டும், பாதம் தப்பலாம், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலும் போயிருக்கும் என்றார். டீச்சர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "பரவாயில்ல. ரெண்டு விரல்தான" என்றார்.

நாலு மணிக்கு வெளித்தாழ்வாரத்துக்கு வந்து எஸ்தரை அழைத்து இரண்டு கால்களையும் பற்றிச் சொன்னேன். டீச்சருக்குக் கொடுத்த வாக்கு நாலு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்வதாக எஸ்தருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவள் முதலில் செவிலியாகத்தான் பேசினாள். சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் உண்டா, இடது காலை எந்த இடத்தில் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"இடது காலை எப்ப எடுத்தாங்க?"

"சித்திரையில."

பிறகு, "ஆவணியில அம்மா பிறந்தநாளுக்குச் செருப்பு அனுப்புனேன், செல்வி. ரெண்டு காலுக்கும் மெத்துன்னு இருக்குன்னு சொன்னா" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

ஜெபராஜிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "இனிமே நான் பொய் சொல்ல வேண்டாம்லா" என்றார்.

டீச்சரிடம் நானே சொன்னேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். புதன்கிழமை அறுவை சிகிச்சைக்குக் கொண்டு போகும்போதும், விரல்கள் போய்ப் பாதம் தப்பி வார்டுக்குத் திரும்பிய பிறகும், வியாழன் முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொடுத்த கஞ்சியை மட்டும் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் வந்தாள். மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து வாடகைக் கார். வள்ளியூர் தாண்டியதும் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். பதினொரு மணிக்கு, பெட்டியை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டு, நேராகக் கட்டிலுக்கு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை எடுத்தாள். இல்லாத காலின் முனையையும், இருக்கும் காலின் மருந்துக்கட்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டைத் தொடக் கை நீட்டினாள்.

"கையைக் கழுவுனியாட்டி?" என்றார் டீச்சர்.

எஸ்தர் குழாயடிக்குப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள். நாங்கள் யாரும் அருகில் போகவில்லை. நான் கிளம்பும்வரை தம்பியோடு அவள் பேசவில்லை. என்னிடம் மட்டும், "உன்னை ஒரு வாரம் முந்தி அனுப்பியிருந்தா ரெண்டு விரலும் இருந்திருக்கும்லா" என்றாள்.

எனக்கு மதியம் ஒன்றரைக்கு ரயில். பையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். "போயிட்டு வரேன், டீச்சர்."

மூன்று நாளைக்குப் பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். கண்களில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"உங்க அம்மா எங்க இருக்காங்க?"

"மன்னார்குடியில, அண்ணன் வீட்டுல."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க, டீச்சர்."

"யாரு சொன்னா?"

போன வாரம் அண்ணன் போனில் சொன்னது. விடுமுறையின் கடைசி நாட்களில் மன்னார்குடிக்குப் போய்க்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

ரயில் நகர்ந்தபோது மழை விட்டிருந்தது. சன்னலோரத்தில் மூன்று முறை அண்ணனின் எண்ணை எடுத்தேன். மூன்று முறையும் அழைக்கவில்லை. அழைத்தால் என்ன பதில் வரும் என்று தெரியும். திருச்சியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், மன்னார்குடிப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு நடந்தேன்.