ஓலை வெட்டிய மரங்கள்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதம் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத நான் உங்கள் நேரத்தை எடுப்பது சரியில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரே அறையில் நானும் கணவரும் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அண்ணை, இரவில் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டுக் கீழே படுப்பார். அவருடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். நிரந்தர வேலை தருவதாக ஒரு முதலாளி எழுதிக் கொடுத்தால், விசா கொடுக்கும் அலுவலகமான பிரெஃபெக்தூரில் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அண்ணியும் மூன்று பிள்ளைகளும் ஊரில் அந்தக் கடிதத்தை நம்பி இருந்தார்கள்.

நான் வீடு துப்புரவு செய்துவந்த மதாமுக்கு, நாட்டின் வடமேற்கே பிரெத்தாஞ் கரைக்கு அப்பால் ஒரு தீவில் தோட்டம் இருந்தது. கடலின் வெதுவெதுப்பால் அங்கே பனி உறைவது அரிது. காலமான அவருடைய கணவர் விதை போட்டு வளர்த்த பதினொரு மரங்கள் அங்கே நின்றன. படத்தைக் காட்டி “பால்மியே” என்றார். பனை, தென்னை, ஈச்சை எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுக்காரர்களிடம் அந்த ஒரு சொல்தான்.

“என் அண்ணனுக்குப் பால்மியே நன்றாகத் தெரியும். ஊரில் அறுபது மரம்” என்றேன். நானாக முன்வந்து பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

மதாமுக்கு மகிழ்ச்சி. குளிர்காலம் முழுவதும் அண்ணை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டால் ஈஸ்டருக்கு நிரந்தர வேலைக் கடிதம் தருவதாகச் சொன்னார். பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விரல்களைக் கூட்டிப் பிடித்து, வேகமாக நிறையச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

“புரிந்ததா?”

“உய், மதாம்” என்று தலையாட்டினேன்.

அண்ணை தீவுக்குப் போனதும் எங்கள் வீட்டுக்குக் கீழேயிருந்த கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சிரித்தார்.

“பிள்ளை, இது பனையில்லை. ஈச்சை மாதிரிக் கிடக்கு. காய்க்கிறதுமில்லையாம். காய்க்காத மரத்துக்குக் காவல் வைக்கிற விசர்ச் சனம்!”

“என்ன செய்யப் போறியள்?”

“ஊரிலை செய்யிறதுதான். ஓலையெல்லாத்தையும் வெட்டி மரத்தின்ரை தலை வட்டைத் துப்புரவாக்கிவிடுறன். வந்து பாக்கேக்கை மனிசி அசந்துபோகும்.”

“ஓம் அண்ணை” என்றேன்.

அந்தத் தை மாதம் தீவிலும் எட்டு நாள் உறைபனி விழுந்தது.

ஈஸ்டர் திங்களன்று மதாமோடு நானும் படகில் போனேன். அண்ணை இறங்குதுறையில், சவரம் செய்து, இரவல் கோட்டோடு நின்றார். தோட்டத்தில் மரங்கள் வேலிக் கட்டைகள் போல நின்றன. மதாம் உயரம் குறைந்த ஒன்றின் குருத்தைப் பிடித்து இழுத்தார். மெழுகுதிரி போல லேசாகக் கழன்று வந்தது. அடிப்பக்கம் அழுகி நாறியது. அவர் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்தார். கடைசி மரத்தடியில் நின்று, என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். இந்த முறை முழுவதும் விளங்கியது.

“ஓலைகளைக் கூட்டிக் கட்டச் சொன்னேன். வெட்டக் கூடாது, குளிருக்கு அதுதான் போர்வை என்று சொன்னேன். புரிந்தது என்றாயே.”

“என்னவாம்?” என்று அண்ணை கேட்டார்.

“இந்த முறை குளிர் கூடவாம். அதாலை பட்டுப்போச்சாம்” என்றேன்.

அண்ணை தொப்பியைக் கழற்றி, “பர்தோன், மதாம்” என்றார். துக்கம் விசாரிக்கும் முகம் அது. வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், மதாம் தலையசைத்தார்.

“பாவம், புருசன் வைச்ச மரமெல்லே. கடிதத்தை இப்ப கேக்கிறியோ, கொஞ்சம் பொறுத்துக் கேக்கிறியோ?” என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

அப்போதே கேட்டேன். மரம் இல்லை, ஆகவே வேலையும் இல்லை என்றார் மதாம். அதை மட்டும் நான் அண்ணைக்குச் சரியாகச் சொன்னேன். அவர் தன் பையை எடுக்கப் போனார். அன்று பின்னேரமே அவரும் எங்களோடு திரும்பினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அண்ணை கடிதம் இல்லாமல் பிரெஃபெக்தூருக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போகும்படி ஒரு தாள் கொடுத்தார்கள். நான் மதாம் வீட்டுக்கு வேலைக்குப் போனேன்.