முளைக்காத பல்

சாலவாக்கத்துப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வலப்பக்கக் கீழ்த்தாடை வீங்கத் தொடங்கியபோது வலியே இல்லை. அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழனியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த என் கணவர்தான் முகத்தையே பார்த்தார்.

"இன்னா இது, ஒரு பக்கம் கன்னம் தூக்கிக்கினு கீது?"

"சூட்டுல வந்திருக்கும், போயிடும்" என்றேன்.

அவர் விடவில்லை. மறுநாளே வண்டியில் உத்திரமேரூருக்குக் கூட்டிப்போனார். பல் டாக்டர் இளம் வயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். தாடையின் கடைசியில், முளைக்காத கடைவாய்ப் பல் ஒன்று எலும்புக்குள் படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் கோலிக்குண்டைவிடப் பெரிதாக ஒரு கறுப்பு வட்டம்.

"இது கட்டி டீச்சர். உள்ள தண்ணி கோத்து எலும்பை அரிச்சிக்கிட்டே வந்திருக்கு. முறுக்கு, கரும்பெல்லாம் கடிச்சிடாதீங்க. தாடையே உடைஞ்சிடும்."

"கேன்சரா?" என்று கேட்டார் என் கணவர். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"பார்த்தா அப்படித் தெரியல. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துத் தூர எறிந்தார்.

"போட்டுக்கினு திரியறவன் நானு. உனுக்கு இன்னாத்துக்கு வரணும்?"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, பல்லோடு சேர்த்துக் கட்டியைத் தோண்டி எடுத்தார்கள். உதட்டுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்ததாம். மரத்துப்போன உதடு சரியாக நாளாகும் என்றார் அங்கிருந்த டாக்டர். காயம் ஆறும்வரை என் கணவர் சோற்றைக் கஞ்சியாக மிக்ஸியில் அடித்துக் கொடுத்தார்.

ரிப்போர்ட் வந்தது. கேன்சர் இல்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் மேலும் சொன்னார்: "ஆனா இந்த வகைக் கட்டி திரும்ப வரலாம். வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்." என் கணவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது போலிருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் ஜாங்கிரி வாங்கினார். அந்த வாரமே புகையிலையும் வாயில் ஏறிவிட்டது. நான் சண்டை போட்டேன். சிரித்து மழுப்பினார்.

உதட்டுக்கு இன்னும் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. ஒருநாள் வகுப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசைப் பெண் எழுந்து, "டீச்சர், வாயில டீ ஒயுகுது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எக்ஸ்ரேவுக்கான நாள் வந்துபோய்விட்டது. போன வாரம் அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வா, போய்ட்டு வந்துரலாம்" என்றார்.

"பரீட்சை முடியட்டும்" என்றேன்.

போன தடவையும் அதைத்தான் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.