சித்தப்பா சாயம் போட்ட ஸ்வெட்டர்

திருவனந்தபுரத்தில் எவன் ஸ்வெட்டர் போடுகிறான்? ஆனாலும் என்னிடம் ஒன்று இருந்தது. ஊட்டியில் வேலை பார்த்த மாமா வாங்கித் தந்த, அசல் கம்பளியில் பின்னிய வெள்ளை ஸ்வெட்டர். பீரோவில் பாச்சை உருண்டைகளோடு கிடந்த அதற்கு, நான் ஏழாம் வகுப்பில் பள்ளியோடு மூணாறு போகவிருந்தபோதுதான் யோகம் அடித்தது. கருநீல ஸ்வெட்டர்தான் போட வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் குளிருக்குப் புதிது எதற்கு, சாயம் போட்டால் போதும் என்றார் அப்பா.

அம்மாவும் நானும் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். சாயக் கடைக்காரர் முதலில் கேட்டதே, "காட்டனா, கம்பளியா அக்கா?" என்றுதான். "கம்பளிக்கு இது வேற பொடி, கேட்டோ. வினிகர் ஊத்தி, சிம்மில வச்சு மெதுவா சூடாக்கணும். சோடாப்பொடி பக்கத்துலயே வரப்பிடாது." அம்மா தலையாட்டிக் கேட்டாள். சரியான பொடியைத்தான் வாங்கினாள். அதற்கு நானே சாட்சி.

வீட்டில் சித்தப்பா அண்டாவோடு காத்திருந்தார். கார்த்திகை பிறந்தால், சபரிமலைக்கு மாலை போடுகிற எங்கள் தெருக்காரர்களின் வெள்ளை வேட்டிகளைக் கறுப்பும் நீலமுமாக ஆக்கித் தருவது அவர்தான். நாங்கள் வாங்கி வந்த பொட்டலத்தை ஒரு பார்வை பார்த்துத் தள்ளி வைத்தார். வேட்டிக்குப் போட்டு மீந்த நீலப்பொடியும் கல்லுப்பும் கை நிறையச் சோடாப்பொடியும் கொதிக்கிற தண்ணீரில் விழுந்தன.

"சித்தப்பா, கடைக்காரர் வினிகர்னு சொன்னாரு!"

"வினிகர் ஊத்த இது என்ன ஊறுகாயா மக்ளே? எத்தன வேட்டி முக்கியிருக்கேன் நான்!"

"நீயாவது சொல்லும்மா!" என்று கத்தினேன்.

"தம்பிக்குத் தெரியாததா? நீ மிண்டாம இரு," என்று என் வாயை அடைத்தாள் அம்மா. கடையில் அத்தனையும் காது கொடுத்துக் கேட்ட அதே அம்மா!

ஸ்வெட்டரை வேட்டி மாதிரியே முறுக்கிப் பிழிந்து உதறினார். திட்டுத்திட்டாக வெளிறிய நீலம். சுருங்கி, அட்டையாக இறுகி, என் தலைகூட நுழையாத அளவுக்கு ஆகியிருந்தது. "கம்பளி மோசம் மதினி," என்றார். "ஆமா, பழசில்லியா," என்றாள் அம்மா. அப்பா வந்து பார்த்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். நான் ஒரு தம்ளரை உடைத்தால் ஊரைக் கூட்டுகிற வீடு அது. என்ன நியாயம் இது!

மூணாறில் எல்லாப் பிள்ளைகளும் கருநீலத்தில் வரிசையாக நிற்க, நான் அப்பாவின் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். புகைப்படத்தில் இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சித்தப்பா வேலை பார்த்த துணிக்கடையை மூடியிருந்தார்கள். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை கேட்டுப் போவார், மத்தியானம் வந்து சாப்பிடுவார். அவரைத் தேடி யாராவது வாசலுக்கு வந்தார்கள் என்றால் அது சாயம் போடத்தான். அந்தச் சாயமும் உங்களுக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்கு அப்போது அது எங்கே தெரிந்தது? மூணாறிலிருந்து வந்த பிறகு சித்தப்பாவோடு பேசினேன். அம்மாவோடுதான் பேசவில்லை.