சிரட்டை மூடி

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது ஒன்று, வளர்த்தது நான்கு. மற்ற மூன்றும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள். நால்வரும் தலைநிமிர்ந்து வாழ்கிறார்கள் – அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாரா வாரம் நான் சொல்ல, பேத்தி அமுதா இந்தப் பத்தியை எழுதுகிறாள். உங்களுக்குத்தான் தெரியுமே!

போன வாரம் அவளுடைய கேமரா மூடி கீழே விழுந்து உடைந்துபோயிற்று.

"புதுசு வர ரெண்டு வாரமாகும் லா பாட்டி!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நான் சாமி அலமாரியிலிருந்து ஒரு சிரட்டை மூடியை எடுத்து வந்து காட்டினேன்.

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வீட்டுக்காரரின் போட்டோ கடை. அந்தப் பழைய கேமராவில் அமுக்குகிற பொத்தானெல்லாம் கிடையாது. லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மறுபடி மூடினால்தான் படம். ஒருநாள் அந்த மூடி உடைந்தது. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெரு முழுக்க அலைந்தார். அரிசியே இல்லாத ஊரில் கேமரா மூடி எங்கே கிடைக்கும்?

நான் ஒரு சிரட்டையை அறுத்து, வாசல் கல்லில் தேய்த்தேன். கிழிந்த குடைத் துணியை ரப்பர் பால் தடவி உள்ளே ஒட்டினேன். பெருமையாக நீட்டினேன்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, தேங்காய்க் கண்ணு இருக்கிற பக்கத்தையா எடுப்பே? நான் மூடினாலும் இது முழிச்சுப் பார்க்குமே!"

சிரித்தார். முன்பல் கோணல், சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார்.

எனக்கு ரோஷம். கண் இல்லாத பக்கத்தில் இன்னொன்று செய்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அவர் பெயரும் வந்தது. கடையில் மிச்சமிருந்தது படம் எடுக்கும் கண்ணாடித் தகடு ஒன்றே ஒன்று.

"நீங்க உட்காருங்க. மூடியை நான் திறக்கிறேன்" என்றேன்.

மாமியார் குறுக்கே வந்து நின்றார். "போற பிள்ளையப் படமாக்கி வைக்காதடி! செவுத்துல மாட்டி மாலை போடவா?"

"விடும்மா" என்றார் அவர். என்னையும் கைப்பிள்ளையையும் உட்காரவைத்தார். "அங்க போய்ப் பார்க்க எனக்கும் ரெண்டு முகம் வேணும்ல?" – மூடியைத் திறந்தார்.

அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவரும் வரவில்லை. படமும் வரவில்லை. ஊரையே படமெடுத்தவருக்குத் தன் படம் ஒன்றுகூட இல்லை.

"அப்பா எப்படிம்மா இருப்பாரு?" – என் மகன் கேட்டுக் கேட்டு, ஒரு வயதுக்குமேல் கேட்பதையே விட்டுவிட்டான். மாலை கூடாது என்ற மாமியார்தான் அந்த மூடியைச் சாமி அலமாரியில் வைத்தார். சாகும்வரை தினமும் அதற்கு ஒரு பூ. நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெற்றவளிடம் என்னத்தைக் கேட்பது…

அமுதா தன் கேமராவில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. துடைத்துத் திருப்பித் தந்தாள்.

எழுதியாயிற்றா அமுதா? முழுக்க வேண்டாம்மா… அவர் சிரித்த இடத்தை மட்டும் வாசி.